ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றவர்கள்

வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் காட்டும் படங்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும். கீழே ஏரி. நடுவில் கரையோர மரங்களும் ஒன்றிரண்டு வீடுகளும். பின்னால் பனி மூடிய மலை. அதே மலை தலைகீழாகத் தண்ணீருக்குள். முன்னால் நம்ம ஆள் ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, கனடா, நியூசிலாந்து என்று ஊர் மட்டும்தான் மாறும்.

"அந்தக் காலத்துல ஜனங்க இயற்கையைக் கண்ணாலே ரசிச்சாங்க, கேமரா வந்துதான் எல்லாம் கெட்டுப்போச்சு" என்று ஒரு பேச்சு உண்டு. கையில் போன் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் பழைய பயணக் குறிப்புகளையும் புகைப்பட வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. கேமரா வருவதற்கு 70 வருஷம் முன்பே மனிதர்கள் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் நின்றிருக்கிறார்கள். போன இடத்தின் மலையையும் தண்ணீரையும் கையோடு எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்கிற ஆசை முதலில் வந்தது. கேமராவுக்குப் பல தகப்பன்கள் உண்டு. அதில் ஒருவர் இந்த ஆசையோடு ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்.

அந்த ஆசைக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் படத்தில் இல்லை. இந்தக் கட்டுரை இந்த இரண்டு விஷயங்களைப் பற்றியது.

கறுத்த கண்ணாடி

1769 அக்டோபர். இங்கிலாந்தின் வடமேற்கில், மலைகளும் ஏரிகளும் நிறைந்த பகுதி. தாமஸ் கிரே என்ற கவிஞர் அங்கே தனியாக நடந்து திரிகிறார். முப்பது வருஷத்துக்கு முன், 1739-இல், இளைஞராக ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குப் போய் வந்தவர். மலைக்காட்சி என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். அவர் கையில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது.

சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. கருஞ்சாயம் ஏற்றிய, லேசாக வெளிப்புறம் புடைத்த கண்ணாடி. பாக்கெட் டைரி மாதிரி மூடித் திறக்கும் உறைக்குள் இருக்கும். இதற்குக் 'கிளாடு கண்ணாடி' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் ரோம் நகரில் வாழ்ந்து இயற்கைக் காட்சிகளை வரைந்த பிரெஞ்சு ஓவியர் கிளாடு லொரேனின் பெயரை வைத்து வந்தது. புடைப்பு இருப்பதால் பெரிய காட்சி ஒரு உள்ளங்கைக்குள் சுருங்கி வந்துவிடும். சாயம் இருப்பதால் வெளிச்சமும் நிழலும் சமமாகி, கண் கூசாமல், பழைய எண்ணெய் ஓவியம் போலத் தெரியும்.

இதை எப்படிப் பார்ப்பது? கண்ணாடி இல்லையா, அதனால் காட்சி பின்னால் இருக்க வேண்டும். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதற்குள் ஏரியைப் பார்க்க வேண்டும். செல்பி எடுப்பவரின் நிலை அப்படியே. ஒரே வித்தியாசம், தன் முகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

கெஸ்விக் என்ற ஊர்ப் பக்கம், கிரே இப்படி நடந்துபோகும்போது மல்லாக்க விழுந்தார். சேறான பாதை, கையில் திறந்த கண்ணாடி. முட்டி விரல்களில் மட்டும் காயம். எழுந்து நின்று சூரியன் மறைவதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். காட்சியைப் பிடிக்கப் போய்த் தவறி விழுந்த பயணிகளின் நீண்ட வரிசையில், பெயர் தெரிந்த மூத்தவர்களில் ஒருவர் அவர்.

ஒன்பது வருஷம் கழித்து, 1778-இல், தாமஸ் வெஸ்ட் என்ற பாதிரியார் அந்தப் பகுதிக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார. அதில் அவர் செய்த வேலைதான் முக்கியம். ஒவ்வொரு ஏரிக்கும் எந்த இடத்தில் நின்று பார்த்தால் காட்சி 'ஓவியம் போல' அமையும் என்று இடங்களைக் குறித்துக் கொடுத்தார். அந்த இடங்களுக்கு 'நிலையம்' என்றே பெயர். கறுத்த கண்ணாடியைக் கையோடு கொண்டுபோகவும் அவர் யோசனை சொன்னார். அதன் பிறகு வந்தவர்கள் ஏரியைத் தேடவில்லை, நிலையத்தைத் தேடினார்கள். இன்றைக்குச் சுற்றுலா ஊர்களில் 'இங்கே நின்று படம் எடுக்கவும்' என்று பலகை வைக்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இது.

விண்டர்மியர் ஏரியின் மேற்குக் கரையில் 1790-களில் அப்படி ஒரு நிலையத்துக்குக் கட்டடமே எழுப்பிவிட்டார்கள். மாடி அறை ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. மஞ்சள் வழியாகப் பார்த்தால் கோடை, ஆரஞ்சு வழியாகப் பார்த்தால் இலையுதிர் காலம், வெளிர்நீலம் வழியாகப் பார்த்தால் குளிர்காலம். ஒரே நாள் மத்தியானத்தில் வருஷம் முழுக்கப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கலாம். நம் போனில் உள்ள ஃபில்டர்களைப் பார்த்தால் அந்தக் கட்டடக்காரர் ஆச்சரியப்பட மாட்டார்.

வரைய வராத மனிதர்

1815-இல் நெப்போலியன் போர்கள் முடிந்தன. இத்தனை வருஷம் தீவுக்குள் அடைபட்டிருந்த ஆங்கிலேயர்கள் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். ஆனால் கறுத்த கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு. காட்சியைக் காட்டும், வைத்துக்கொள்ளாது. வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றால் வரையத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் வருகிறார். கணிதம் படித்தவர், பாராளுமன்ற உறுப்பினர், லேகாக் என்ற ஊரில் பழைய மடாலயக் கட்டடம் ஒன்றுக்குச் சொந்தக்காரர். 1832 டிசம்பரில் கான்ஸ்டன்ஸை மணந்தார். அடுத்த வருஷம் இருவரும் ஐரோப்பியப் பயணம் கிளம்பி, 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஏரி இரண்டு கிளையாகப் பிரியும் முனையில் பெலாஜியோ என்ற ஊர். மூன்று பக்கமும் தண்ணீர், சுற்றிலும் மலை.

கான்ஸ்டன்ஸுக்கு நன்றாக வரைய வரும். டால்பட்டுக்கு வராது. அவர் 'கேமரா லூசிடா' என்ற கருவியை வைத்துக்கொண்டு முயன்றார். பெயரில் கேமரா இருந்தாலும் அது கேமரா இல்லை. ஒரு கம்பியின் உச்சியில் சின்னப் பட்டகம், அவ்வளவுதான். அதன் விளிம்பில் கண்ணை வைத்தால் எதிரே உள்ள மலையும் கீழே உள்ள காகிதமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். மலையின் கோட்டைப் பென்சிலால் பின்தொடர்ந்தால் போதும், படம் வந்துவிடும் என்று சொல்லி விற்றார்கள். டால்பட் பின்தொடர்ந்தார். கண்ணை எடுத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தால் வெறும் கிறுக்கல். 1833 அக்டோபர் 5 தேதியிட்ட அவரது ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஏரிக்கரை மாளிகையின் திறந்தவெளி மேடை, சில மரங்கள். சுமாரான பள்ளிப் பையன் வரைந்ததுபோல இருக்கும்.

அந்த எரிச்சலில்தான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இருட்டுப் பெட்டிக்குள் ஒரு வில்லை வைத்தால் வெளியே உள்ள காட்சி உள்ளே காகிதத்தில் விழும். அது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. பத்து வருஷம் முன்பு அதையும் அவர் முயன்று பார்த்தவர். ஆனால் அந்த நிழல் நிற்காது, பெட்டியை நகர்த்தினால் போய்விடும். அது தானாகவே காகிதத்தில் பதிந்து நின்றுவிட்டால்? கை தேவையே இல்லையே! சில உப்புகள் வெளிச்சம் பட்டால் கறுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன? இதைப் பிற்பாடு, 1844-இல் வெளிவரத் தொடங்கிய 'இயற்கையின் பென்சில்' என்ற நூலில் அவரே விவரமாக எழுதினார்.

ஊர் திரும்பியதும் 1834-இல் சோதனைகளை ஆரம்பித்தார். காகிதத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து, காய்ந்ததும் வெள்ளி நைட்ரேட் பூசி, வெயிலில் வைத்தார். மரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள் செய்யச் சொல்லி வீட்டைச் சுற்றி வைத்தார். கான்ஸ்டன்ஸ் அவற்றுக்கு வைத்த பெயர் 'எலிப்பொறி'. 1835 ஆகஸ்டில் வீட்டு ஜன்னல் ஒன்று ஒரு தபால்தலை அளவுக் காகிதத்தில் பதிந்தது. வெளிச்சம் கறுப்பாக, நிழல் வெள்ளையாக. இன்றைக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய நெகடிவ் அதுதான்.

1839 ஜனவரியில் பாரிசில் டாகேரின் முறை அறிவிக்கப்பட்டது. டால்பட் அவசர அவசரமாகத் தன் சோதனைகளை லண்டனில் வெளியிட்டார். டாகேர் தகட்டுப் படம் துல்லியமானது, ஆனால் ஒற்றைப் பிரதி. டால்பட்டின் காகித நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம். பின்னால் வந்த 150 வருஷப் புகைப்படத் தொழில் நின்றது இந்த நெகடிவ் வழியில்தான்.

அப்புறம் டால்பட் என்ன செய்தார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். 1845-இல் ஸ்காட்லாந்துக் காட்சிகள் 23-ஐப் புத்தகமாக்கி வெளியிட்டார். விளக்கமே கிட்டத்தட்ட கிடையாது, படங்கள் மட்டும். அதில் கேட்ரின் என்ற மலையேரியின் காட்சிகளும் உண்டு. ஏன் அந்த ஏரி? வால்டர் ஸ்காட் 1810-இல் எழுதிய ஒரு நெடுங்கவிதை அங்கே நடக்கிறது. அதைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த ஏரியைப் பார்க்கப் போனார்கள். கதையில் வந்த இடத்தைத் தேடிப் போய்ப் படம் எடுப்பது, சினிமா லொகேஷன் பார்க்கப் போகும் பழக்கத்துக்கும் மூத்தது.

சுமந்தது யார்?

யோசனை கிடைத்துவிட்டது. ஆனால் நிஜ மலைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டுமே. இங்கிருந்து கதையில் வேறு ஆட்கள் வருகிறார்கள்.

1849 ஆகஸ்டில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் மேட்டர்ஹார்ன் சிகரத்தை டாகேர் முறையில் படமெடுத்தார். அந்த மலையின் முதல் வெயில்படம் தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார். கருவியைச் சுமந்ததும், தகடு தயார் செய்ததும், இயக்கியதும் பெரும்பாலும் அவருடைய வேலைக்காரர் ஜான் ஹாப்ஸ். எஜமானர் பெயரும் ஜான், அவர் அப்பா பெயரும் ஜான் என்பதால் வீட்டில் இவரை 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைக்கூட விட்டுக்கொடுத்த ஆள்.

1861 ஜூலையில் பிரான்சின் ஓகுஸ்த் பிசோன் மோன் பிளாங்க் உச்சியில் ஏறிப் படமெடுத்தார். சுமைதூக்கிகள் 25 பேர். உச்சியிலிருந்து கிடைத்தது மூன்று நெகடிவ்.

மூன்று படத்துக்கு 25 பேரா என்று தோன்றும். காரணம் அன்றைய தொழில்நுட்பம். 1851-க்குப் பிறகு பரவிய முறைக்கு 'ஈரத் தகடு' என்று பெயர். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் என்ற பிசின் கரைசலை அதன்மேல் ஊற்றி, சீராகப் பரவவிட்டு, இருட்டில் வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயுமுன் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே திரும்ப இருட்டுக்குள் போய்க் கழுவ வேண்டும். மொத்தத்துக்கும் ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிஷம். காய்ந்தால் போச்சு. ஆக, எங்கே படமெடுத்தாலும் அங்கே ஒரு இருட்டுக்கூடாரம் போட வேண்டும். நெகடிவைப் பெரிதாக்கும் வசதி அப்போது நடைமுறையில் இல்லை. 12 அங்குலப் படம் வேண்டும் என்றால் 12 அங்குலக் கண்ணாடியைத்தான் மலை ஏற்ற வேண்டும். கண்ணாடி, அமிலப் புட்டிகள், கூடாரம், கேமரா, முக்காலி, அதோடு துரையின் கட்டில், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கை இமயமலையில் போட்டவர் சாமுவேல் போர்ன். நாட்டிங்காமில் வங்கிக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு 1863-இல் இந்தியாவுக்கு வந்தார். அதே வருஷம் ஜூலையில் சிம்லாவிலிருந்து கிளம்பி பத்து வாரம், சுமார் 30 கூலிகள். 1864-இல் காஷ்மீர், சுமார் 42 கூலிகள், மாதக் கணக்கில் பயணம். 1866-இல் ஸ்பிதி வழியாக மானிரங் கணவாய், சுமார் 18,600 அடி. அந்த உயரத்தில் அதுவரை யாரும் படமெடுத்ததில்லை. இருபது வருஷம் அந்தச் சாதனை நின்றது. கொல்கத்தாவில் 2016 வரை நடந்த போர்ன் அண்ட் ஷெப்பர்டு ஸ்டூடியோவின் பெயரில் உள்ள போர்ன் இவர்தான்.

படங்கள் அபாரமானவை. அதில் சந்தேகமே இல்லை. தால் ஏரியில் பாப்லர் மரங்களின் நிழல் விழும் படங்களைப் பார்த்தால் 160 வருஷத்துக்கு முந்தியது என்று நம்ப முடியாது. ஈரத் தகட்டுக்கு நீல நிறம் அளவுக்கு மீறிப் பதியும், பச்சை சரியாகப் பதியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரம் கரிக்கட்டையாகவும் ஆகிவிடும். காற்றடித்தால் இலையெல்லாம் கலங்கிவிடும். இத்தனை தொந்தரவிலும் அசையாத தண்ணீரும் அதில் விழும் நிழலும் படத்தைக் காப்பாற்றும். ஏரி அவருக்கு அழகு மட்டுமில்லை, தொழில் தேவையும்கூட.

போர்ன் தன் பயணங்களை லண்டனில் வந்த புகைப்படப் பத்திரிகைக்குத் தொடராக எழுதினார். அதில் ஒளிவு மறைவு கிடையாது. கூலிகள் சுமையை வழியில் போட்டுவிட்டு ஓடிப்போனதையும், தான் தடியை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குள் போய், வீட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்து அடித்து இழுத்து வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். குற்ற உணர்ச்சியோடு எழுதவில்லை. ரசாயனம் கெட்டுப்போனது, மழை பெய்தது என்று எழுதுவதுபோல, பயணத்தில் வந்த இன்னொரு இடைஞ்சலாக எழுதுகிறார்.

அவர்கள் ஏன் ஓடினார்கள்? போர்னின் கண்ணில் அது சோம்பேறித்தனம். ஆனால் அன்றைய மலைப் பகுதிகளின் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் வேறு மாதிரி புரியும். இமயமலையின் பல பகுதிகளில் 'பேகார்' என்ற கட்டாய வேலை இருந்தது. அதிகாரியோ வெள்ளைக்காரப் பயணியோ வந்தால், ஊர்த் தலைவர் இத்தனை ஆள் என்று கணக்குக் காட்டி அனுப்ப வேண்டும். கூலி கிடைக்கும் இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு. மாட்டேன் என்று சொல்ல மட்டும் முடியாது. பனி விலகி மலையில் நடக்க முடிகிற மாதங்கள்தான் படமெடுக்கத் தோதான மாதங்கள். வயலில் வேலை இருக்கிற மாதங்களும் அவையே. துரைக்கு நல்ல வெளிச்சம் கிடைத்த அன்று அந்த மனிதனின் வயல் சும்மா கிடந்திருக்கும்.

நம் மொழியில் கூலி என்றால் செய்த வேலைக்குக் கிடைக்கும் பணம். அந்தப் பயணக் குறிப்புகளில் கூலி என்பது ஆளுக்கே பெயர். ஒருவருக்கும் தனிப் பெயர் கிடையாது.

குமாவுன் பகுதியில் இந்தக் கட்டாய வேலைக்குக் 'கூலி பேகார்', 'கூலி உத்தார்' என்று பெயர்கள் இருந்தன. 1921 ஜனவரியில், நம்ம பொங்கல் சமயத்தில், பாகேஷ்வரில் நடக்கும் உத்தராயணத் திருவிழாவில் ஜனங்கள் கூடினார்கள். இனி சுமக்க மாட்டோம் என்று உறுதி எடுத்து, யார் யார் எப்போது சுமக்க வேண்டும் என்று எழுதியிருந்த பதிவேடுகளைச் சரயு ஆற்றில் வீசினார்கள். புகைப்பட வரலாற்று நூல்களில் இந்தத் தேதி வராது. என்னைக் கேட்டால், 1839 ஜனவரிக்குப் பக்கத்தில் இதையும் எழுத வேண்டும்.

ஏரி இல்லையா, வெட்டு!

போர்னின் எழுத்தில் இன்னொரு விஷயம் உண்டு. முதல் இமயப் பயணத்தில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மலை மிகப் பெரிது, ஆனால் 'படம்' ஆக மறுக்கிறது என்று குறைப்பட்டார். ஏரி இல்லை, சரியான அருவி இல்லை, நடுவில் வைக்க ஒரு நல்ல கட்டடம் இல்லை. சொந்த ஊர் ஏரிகளும் சுவிட்சர்லாந்தும் மனசுக்குள் அளவுகோலாக உட்கார்ந்திருக்க, இமயம் அந்த அளவுக்குள் அடங்கவில்லை. காஷ்மீருக்குப் போன பிறகுதான் மனசு நிறைந்தது, அங்கே ஏரி இருந்தது. கிளாடு கண்ணாடி கையை விட்டுப் போய் வெகுநாளாகியும் கண்ணுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

இந்த அளவுகோல் நம் ஊருக்கும் வந்தது. போர்ன் 1869 வாக்கில் தெற்கே வந்து மதுரை, தஞ்சாவூர், திருச்சிக் கோயில்களையும் ஊட்டியையும் படமெடுத்தார். அவருடைய ஊட்டிப் படங்களைப் பார்த்தால் இங்கிலாந்தின் ஏதோ ஒரு மூலை போலத் தெரியும். தற்செயல் இல்லை. ஊட்டி ஏரி இயற்கையானது அல்ல. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரை ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரியும் அப்படித்தான். 1863-இல், மதுரைக் கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கியது. தண்ணீர்த் தேவையும் படகுப் பொழுதுபோக்கும் காரணங்களாக இருந்திருக்கும். ஆனால் அவர்கள் மனசில் மலைவாசஸ்தலம் என்றால் மலைக்குக் கீழே ஏரி ஒன்று இருந்தாக வேண்டும். படத்துக்காக ஊர் என்கிற வேலை அப்போதே தொடங்கிவிட்டது.

சீனாவில் இதன் உச்சத்தைக் காணலாம். ஆஸ்திரியாவில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் ஹால்ஸ்டாட் என்ற சின்ன ஊரை அப்படியே நகலெடுத்து, 2012-இல் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு குடியிருப்பாகத் திறந்தார்கள். தேவாலயக் கோபுரம் முதல் வீட்டு ஜன்னல் வரை. ஏரியும் உண்டு, செயற்கையாக.

சுமை இறங்கியது, விலை இறங்கவில்லை

1888-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர், உள்ளே 100 படத்துக்கான சுருள். எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்பினால், 10 டாலருக்குக் கழுவிப் பிரதி போட்டு, புதுச் சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இருட்டுக்கூடாரம் போச்சு, அமிலப் புட்டி போச்சு, 42 பேரும் போனார்கள். நல்ல விஷயம்தான். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதுவரை துரைக்கும் பிரபுவுக்கும் மட்டுமே முடிந்தது, கொஞ்சம் காசு சேர்த்த குமாஸ்தாவுக்கும் முடிந்தது.

ஆனால் எல்லோரும் ஒரே 'நிலைய'த்தில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டுக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரை வெள்ளைக்காரர்கள் சுவிட்சர்லாந்தோடு ஒப்பிட்டார்கள். இந்தி சினிமா ஏரிக்கும் பனிமலைக்கும் காஷ்மீர் போனது. 1980-களின் கடைசியில் அங்கே வன்முறை வெடித்ததும், காஷ்மீருக்குப் பதில் நிஜ சுவிட்சர்லாந்துக்கே போனது. யஷ் சோப்ரா அங்கே எடுத்த பாட்டுக் காட்சிகளால் லாவெனன் ஏரிக்கு இந்தியப் பயணிகளிடையே 'சோப்ரா ஏரி' என்றே பெயர் வந்துவிட்டது. 2016-இல் இன்டர்லாகன் ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள். இன்று தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போகும் குடும்பம் அங்கே நின்று எடுக்கும் படத்துக்குப் பின்னால் கிளாடு லொரேன், போர்ன், சோப்ரா எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள்.

இன்டர்லாகனுக்குப் பக்கத்தில் பிரியென்ஸ் ஏரிக்கரையில் இசெல்ட்வால்ட் என்ற கிராமம். நானூற்றுச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். 2019-இல் தொடங்கி ஒளிபரப்பான ஒரு கொரியத் தொடரில், அந்த ஊரின் சின்ன மரத்துறையில் நாயகன் பியானோ வாசிக்கும் காட்சி வந்தது. கொரோனா அடங்கியதும் கூட்டம் வந்து குவிந்தது. துறையில் நின்று படமெடுக்க வேண்டும், ஏறின பஸ்ஸில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு 2023-இல் துறையின் வாசலில் சுழல்கதவு வைத்தார்கள். ஐந்து பிராங்க் போட்டால் திறக்கும்.

அதே 2023-இல் நிஜ ஹால்ஸ்டாட்டில், மலையும் ஏரியும் சேர்ந்து தெரியும் இடத்தில் மரத்தடுப்பு வைத்து மறைத்தார்கள். வீட்டு வாசலில் விடிய விடிய வந்து நின்றால் என்ன செய்வார்கள்? இணையத்தில் திட்டு விழுந்ததும் சில நாளில் எடுத்துவிட்டார்கள். ஊரே ஆயிரம் பேருக்குள், கோடையில் ஒரு நாளில் வருகிறவர்கள் அதைப்போல் பல மடங்கு.

இந்தச் செய்திகள் வந்தபோது, ஐந்து பிராங்க் வாங்குவதைக் கொள்ளை என்று எழுதியவர்களும் உண்டு. இயற்கைக்குக் கட்டணமா என்று கேட்டார்கள். கேள்வி நியாயம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த ஏரிக்கரைப் படம் எந்தக் காலத்திலும் இலவசமாக இருந்ததில்லை. டால்பட் காலத்தில் அதற்குச் சொத்தும் ஓய்வும் வேண்டியிருந்தது. போர்ன் காலத்தில் 42 பேரின் முதுகு வேண்டியிருந்தது. இன்று அந்த ஊர்க்காரரின் தெருவும் தூக்கமும் வேண்டியிருக்கிறது. சுழல்கதவு செய்வது ஒன்றுதான்: இதுவரை கண்ணில் படாமல் யாரோ கொடுத்துவந்த காசை, படமெடுப்பவரிடமே கேட்கிறது.

அதற்காகப் படம் எடுக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கிரே விழுந்து எழுந்து பார்த்த சூரிய அஸ்தமனமும், டால்பட்டை எரிச்சலூட்டிய மலைக்கோடும், போர்ன் உறைந்த விரலோடு கழுவி எடுத்த தகடும் உண்மையான ஆசையில் வந்தவை. அந்த ஆசை நமக்கும் இருக்கிறது, இருக்கட்டும். போர்னின் படங்கள் பல நூலகங்களின், அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் நல்ல அளவில் கிடைக்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள். சில படங்களில் ஏரிக்கரைப் பாறை மேலோ மரத்தடியிலோ ஒரு ஆள் சின்னதாக உட்கார்ந்திருப்பார். மலை எவ்வளவு பெரிது என்று காட்டுவதற்காக அன்றைய புகைப்படக்காரர்கள் அப்படி ஆளை நிறுத்துவது வழக்கம். அந்த ஆள் யாரென்று படத்தின் கீழே எழுதியிருக்காது. ஏரியின் பெயர் மட்டும் இருக்கும்.